சிதம்பரம் பிள்ளையவர்கள் மேற்கொண்ட தொழில்கள்

மக்கள் உயிர் வாழ்தற்பொருட்டு மேற்கொள்ளும் தொழில்கள் எண்ணிறந்தன. அவற்றுள் யாதொன்றும் என்றும் ஒரு நிலையில் நிற்பதன்று. தந்தை காலத்தில் வீட்டை வாழ்வித்த தொழில் மைந்தன் காலத்தில் வறண்டுபோகின்றது. தலைமுறை தலைமுறையாக மக்களுக்குச் சோறிட்ட ஆலைகள் மூடப்படுகின்றன; நூறு பேர் இருந்து எழுதிய கணக்கை ஒரு பொறி சில நொடியில் முடித்துவிடுகின்றது. இவையெல்லாம் நாம் நாள்தோறும் காண்பனவே. தொழிலிழத்தல் துன்பந் தருவதென்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனினும் கொடியதொன்று உண்டு. தொழிலிழந்தவன் மனத்துட் புகுந்து அவனைத் தன் சுற்றத்தார் முகம் நோக்கவொட்டாமற் செய்யும் நாணமே அது.

இதனை நாம் ஏட்டிற் படித்து எழுதவில்லை. சென்ற ஆண்டு நம்மவர் வீட்டுத் திருமணம் ஒன்றிற்குச் சென்றிருந்தோம். முன்னாளில் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் அங்கே வந்திருத்தல் வேண்டும். மணமகனுக்கு நெருங்கிய உறவினர் அவர். அவரைக் காணாமையால் அவர்தம் அன்னையாரை வினவினோம். மகன் வெளியூர் போயிருப்பதாக அவ்வம்மையார் தலை கவிழ்ந்து விடை கூறினார். மறுநாள் அவர்கள் தெருவழியே சென்றபோது, அம்மாணவர் தம் வீட்டுத் திண்ணையிலிருந்து நம்மைக் கண்டு விரைந்து உள்ளே போனதை நம் கண்ணாற் கண்டோம். பதினாறு ஆண்டுகள் தொலைவிலுள்ள நகரொன்றில் நல்ல ஊதியத்தில் இருந்தவர். ஆட்குறைப்பில் வேலை போய் ஊருக்கு மீண்டவர். நாம் உள்ளே சென்று அமர்ந்தோம். நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. பின்னர், ஊரார் கேட்கும் கேள்விக்கு அஞ்சியே எங்கும் போவதில்லை என்றார். அன்று நாம் அவருக்கு எடுத்துரைத்தது வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்களின் வரலாறு. அதனையே ஈண்டு நம் சங்கத்து அன்பர்கள் யாவருக்கும் விரித்தெழுத முற்பட்டோம்.

பிள்ளையவர்களை நாட்டுக்கு உழைத்த வீரராக அறியாதார் இலர். கப்பலோட்டிய தமிழர் என்று சிறு குழந்தையும் சொல்லும். ஆனால் கப்பலோட்டுவதற்கு முன்னும் பின்னும் அவர் எத்தொழில் செய்து குடும்பத்தைக் காத்தார் என்பதை நினைப்பார் சிலரே. நாம் இங்கே அவர்தம் அரசியலை விரித்துரைக்கப் புகவில்லை. அவர் பிழைப்பைக் குறித்தே பேசுகின்றோம்.

பிள்ளையவர்கள் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், அக்காலத்துத் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த ஒட்டப்பிடாரத்தில் தோன்றினார். தந்தையார் உலகநாத பிள்ளை. தாயார் பரமாயி அம்மையார். தந்தையார் வக்கீல் தொழில் புரிந்தவர். மைந்தரும் தாலுகாக் கச்சேரியிற் சிறிது காலம் எழுத்தராய் இருந்தபின், திருச்சிராப்பள்ளி சென்று சட்டம் பயின்று தேர்ந்து, தந்தையார் தொழிலையே மேற்கொண்டார். 1900-ஆம் ஆண்டளவில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். குற்ற வழக்குகளை எடுத்து நடத்துவதில் அவருக்குப் பெயர் ஓங்கிற்று. பொருளில்லா ஏழைகளுக்குக் கூலி பெறாமலும் வாதாடினார். கையிற் காசும் ஊரில் மதிப்பும் வீட்டிற் புலவரும் நண்பரும் நிறைந்திருந்த காலம் அது. அப்பொழுது அவர்க்கு வயது முப்பதைச் சிறிதே கடந்திருந்தது. இத்தகைய நிலையை அடைந்த ஒருவர் அதனை விட்டு அசைய விரும்புவாரா?

பிள்ளையவர்கள் தாமே விரும்பி அசைந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நிகழ்ந்த கப்பற் போக்குவரவு முழுவதும் பிரிட்டிஷ் இந்தியக் கப்பற் கம்பெனியார் கையில் இருந்தது. நம் நாட்டு வணிகர் வாடகைக் கப்பல் கொண்டு போட்டியிட முயன்றபோது, கப்பல் தந்தவர் இடையிலே பின்வாங்கினார். பிறர் கப்பலை நம்பி வாணிகம் நடத்துதல் ஆகாதென்று பிள்ளையவர்கள் துணிந்தார். அதன் பயனாக 1906-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் சுதேசிக் கப்பற் கம்பெனி பதிவு செய்யப்பட்டது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பாலவனத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமாகிய பாண்டித்துரைத் தேவரவர்கள் தலைவராயினர். ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் 8,000 பங்குகளுக்கு 2 இலட்சம் ரூபாய் ஈந்தார். சாதியும் சமயமும் வேறாகிய பலர் ஒரு தொழிலின்பொருட்டு ஒன்றுகூடியது, நம்மனோர் சங்கங்கள் நினைவிற் கொள்ளத்தக்க செய்தியாம்.

கப்பல் வாங்குதற்பொருட்டுப் பம்பாய் சென்ற பிள்ளையவர்கள், வெறுங்கையோடு மீள்வதில்லையென்று உறுதி பூண்டு சென்றார். 1907-ஆம் ஆண்டு காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடித் துறையை அடைந்தன. கச்சேரியிற் சட்ட நூல் புரட்டியவர் இப்பொழுது சரக்குக் கூலியும் நிலக்கரி விலையும் மாலுமிகள் சம்பளமும் கணக்கிடுவாராயினார். எதிர்க் கம்பெனியார் பயணக் கட்டணத்தை மேன்மேலும் குறைத்தனர். இறுதியிற் கட்டணமே பெறாது ஏற்றிச்செல்லவும், வருவார்க்குக் குடை ஒன்று இனாமாகத் தரவும் முற்பட்டனர் என்பர். பெரும்பொருள் உடையார் இழப்பைத் தாங்குவர்; சிறுபொருள் உடையார் தாங்குதல் எங்ஙனம்? பிள்ளையவர்கள் அரசியலில் முனைந்து நிற்றல் கம்பெனிக்குக் கேடாகுமென்று அதன் நிர்வாகத்தாரிற் சிலர் அஞ்சினர். அவ்வச்சம் காரணமில்லாததன்று என்பதையும் நடுநின்று நோக்குவார் ஒப்புவர்.

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியிற் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. பிள்ளையவர்கள் அவர்கள் பக்கம் நின்றார். தொழிலாளர் கேட்டவற்றைப் பெற்றனர். சில நாட்களில், மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள், அவரும் சுப்பிரமணிய சிவா அவர்களும் சிறைப்படுத்தப்பட்டனர். ஜூலை 7-ஆம் நாள் ஜட்ஜ் பின்ஹே என்பார் இரண்டு ஆயுள் தண்டனைகளை விதித்தார். கேட்ட அதிர்ச்சியாற் பிள்ளையவர்களின் தம்பி மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குச் சித்தம் கலங்கிற்று. அது பின்னர்த் தெளியவேயில்லை. மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. ஆயினும் நாற்பதே முழுதும் நிரம்பாத அவ்வயதில், வக்கீல் தொழில், கப்பல் தொழில், குடும்பத்தின் அமைதி ஆகிய மூன்றும் ஒருசேர அவர் கையைவிட்டு நீங்கின.

கோயம்புத்தூர்ச் சிறையில் அவருக்கு முதலிற் சணல் கிழிக்கும் வேலை தரப்பட்டது. உள்ளங்கைத் தோல் உரிந்து குருதி கசிந்தது. பின்னர் மாட்டிற்கு ஈடாக எண்ணெய்ச் செக்கில் இழுக்க வைக்கப்பட்டார். அச்செக்கு சென்னை கிண்டியிலுள்ள காந்தி மண்டபத்தில் வைக்கப்பட்டுள்ளது. பிள்ளைகளை அழைத்துச் செல்வார் அதனைக் காட்டுதல் நன்று. ஆனால் நாம் வியப்பது செக்கிழுத்ததை மட்டுமன்று. அச்சிறையிலும், பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலும், கிடைத்த ஓய்வு நேரத்தில் அவர் கற்றார், எழுதினார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலொன்றைத் தமிழாக்கி மனம் போல வாழ்வு என்று பெயரிட்டார். அது 1909-இல் வெளிவந்தது. உடன் சிறையிருந்தார்க்கு அறம் உணர்த்தும்பொருட்டு 125 அதிகாரங்களில் மெய்யறம் என்னும் நூலை யாத்தார். அந்நூல் மாணவரியலில் தொடங்குவது. எதிர்காலம் முழுதும் இருண்டிருந்த வேளையில், விலங்கு பூண்ட ஒருவர் மாணவர்க்கு உரைக்க வேண்டுவனவற்றை முதற்கண் சிந்தித்தார் என்பதை, ஆசிரியத் தொழில் செய்யும் நாம் நினைக்குந்தோறும் உள்ளம் நெகிழ்கின்றோம்.

அவர் சிறையிலிருக்கும்போதே, 1911-இற் கப்பற் கம்பெனி கலைக்கப்பட்டது; கப்பல்கள் விலையாயின. 1912-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் விடுதலை பெற்றார். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் சிறைப்பட்டபோது கடையடைத்துக் கிளர்ந்தெழுந்த நாடு, அவர் வெளிவந்தபோது அயர்ந்து கிடந்தது. வரவேற்கப் பெருங்கூட்டம் வரவில்லை. வக்கீற் சன்னதும் பறிக்கப்பட்டிருந்தது. வயது நாற்பது, மனைவி மக்கள் உண்டு, வருவாய் இல்லை.

அன்பர்காள்! அவர் வரலாற்றில் இவ்விடத்தே சற்று நிற்றல் வேண்டும். ஏனெனில் வாழ்க்கை வரலாறு எழுதுவார் பலர் இப்பகுதியை இரண்டொரு வரியிற் கடந்துபோவர். கப்பலும் சிறையும் கேட்பார்க்குக் கிளர்ச்சி தருவன. அரிசிக் கடை அத்தகையதன்று. ஆனால் தொழிலிழந்து நிற்கும் ஒருவனுக்குப் பாடமாவது இவ்வரிசிக் கடையே.

பிள்ளையவர்கள் சென்னையிற் குடியேறினார். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என வீடு மாறி மாறி வாழ்ந்தார். அரிசிக் கடை வைத்தார், நெய் விற்றார். 10 இலட்சம் மூலதனத்தைத் திரட்டிய கை படியால் அரிசி அளந்தது. அவ்வாணிகமும் பெரிதும் பயன் தரவில்லை. வறுமை நீங்கவில்லை. ஆயினும் அவர் வீட்டினுட் புகுந்து கதவடைத்துக்கொள்ளவில்லை. முன்பு தமக்குத் தலைவணங்கினோர் கடைத்தெருவிற் கண்டால் யாது நினைப்பரோ என்று அஞ்சி அத்தொழிலை வெறுக்கவில்லை. கிடைத்ததைச் செய்தார், தம் இல்லம் வந்த தோழர்க்கு உள்ளதைப் பகிர்ந்தளித்தார்.

மற்றொரு செய்தியும் ஈண்டு நினைக்கத்தக்கது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த நம் நாட்டார் பிள்ளையவர்கள் குடும்பத்திற்கென ஒரு தொகை திரட்டிக் காந்தியடிகளிடம் கொடுத்திருந்தனர். 1915-இற் காந்தியடிகள் இந்தியா மீண்டபின், அத்தொகை குறித்து இருவரிடையே கடிதங்கள் பல நடந்தன. பிள்ளையவர்கள் தம் நிலையை மறையாது எழுதினார். தமக்கென வந்ததைத் தருமாறு மீண்டும் மீண்டும் நினைவூட்டினார். 1916-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 347 ரூபாய் 12 அணா அவர் கைக்கு வந்தது. பெருமை மிக்கவர் இங்ஙனம் காசு கேட்டு எழுதினாரே என்று சிலர் வருந்தக்கூடும். நாம் அங்ஙனம் வருந்தவில்லை. தமக்கு உரியதைக் கேட்டல் இரத்தலாகாது. குடும்பம் பசித்திருக்க, மானத்தின் பெயரால் வாய்மூடியிருத்தல் மானமாகாது. அது மானத்தைப் போன்று தோன்றும் வேறொன்று.

இவ்வறுமைக் காலத்திலேயே அவர்தம் தமிழ்ப் பணி ஓங்கிற்று. 1914-இல் மெய்யறமும், 1915-இல் மெய்யறிவும் அச்சேறின. 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் இயற்றிய உரையைப் பதிப்பித்தார். பிற்காலத்தில் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் வகுத்த உரையை ஆராய்ந்து வெளியிடும் பெரும்பணியிலும் ஈடுபட்டார். எழுத்ததிகாரம் 1928-இல் வெளிவந்தது. ஏடு தேடி, பிழை களைந்து, அச்சுத்தாள் திருத்துதல் எத்துணை உழைப்புடைய தொழில் என்பதைப் புலவர்ப் பயிற்சி பெற்ற நாம் ஓரளவு அறிவோம். வயிறு நிரம்பிய பின்னர்ப் படிப்போம் என்று அவர் காத்திருந்தாராயின், இந்நூல்கள் நமக்குக் கிடைத்திரா. இப்பணியும் அவருக்குச் செல்வம் தந்ததன்று. அது தந்தது வேறு. நாளைய உணவு எவ்வாறு வருமென்று தெரியாத நிலையிலும், இன்று செய்து முடிக்க வேண்டிய பக்கம் ஒன்று மேசைமேல் உளதென்னும் ஒழுங்கை அது தந்தது. ஒழுங்குள்ள நாள் மனிதனை முறிந்துபோகாமற் காப்பது.

1920-ஐ ஒட்டிய காலத்தில் அவர் கோயம்புத்தூர் சென்று சில ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார். வங்கியொன்றிலும் அலுவல் பார்த்தார். எனினும் அவர் உள்ளம் தாம் முதலிற் கற்ற தொழிலையே நாடிற்று. சன்னதைத் திரும்பப் பெறுதற்கு விண்ணப்பம் செய்தார். திருநெல்வேலிச் சீமையில் முன்னர் அதிகாரியாயிருந்து அவர்தம் திறமையை அறிந்திருந்த வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி துணைபுரிய, சன்னது மீண்டும் கிடைத்தது. அந்நன்றியை மறவாது தம் மைந்தர் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்துச் செக்கிழுத்தவர், ஆங்கிலேயர் ஒருவர் செய்த உதவியைத் தம் குடும்பத்திற் பெயராக நிலைநிறுத்தினார். கொள்கையை விடாதவர்க்கும் நன்றி மறவாமை இயலும் என்பது இதனால் தெற்றென விளங்கும்.

1924-ஆம் ஆண்டு கோவிற்பட்டியில் அவர் மீண்டும் வக்கீலாகத் தொடங்கினார். அப்போது வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. சிறைப்பட்டுப் பதினாறு ஆண்டுகள் கழிந்திருந்தன. தமக்குப் பின்வந்த இளைஞர் பலர் முன்னேறியிருப்ப, தாம் ஒரு சிற்றூர்க் கச்சேரியிற் புதியவர்போல வழக்குத் தேடி நிற்றல் எளிதன்று. முன்னைய வருவாயும் திரும்பவில்லை. 1932 வரை அங்கிருந்து, பின்னர்த் தூத்துக்குடிக்கே மீண்டார். 1936-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் அவ்வூரில் இயற்கை எய்தினார். சொத்து மிகுதியாக விட்டுச் செல்லவில்லை. தம் இறுதி முறியிற் கடைகளுக்குத் தரவேண்டிய கடன்களையும் மறவாமற் குறிப்பித்தார். அவர் கப்பல்கள் நின்ற தூத்துக்குடித் துறைமுகம் 2011-ஆம் ஆண்டு முதல் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? முயன்றால் யாவும் திரும்பக் கிடைக்கும் என்பதா? அன்று. பிள்ளையவர்கள் இழந்தவற்றுட் பல திரும்பவேயில்லை. கப்பல் திரும்பவில்லை; தம்பியின் அறிவு திரும்பவில்லை; செல்வமும் திரும்பவில்லை. எனவே, இடர் உற்றார்க்குப் பொய்யான ஆறுதல் கூறுதற்கு இவ்வரலாறு இடந்தருவதன்று. அது உணர்த்துவது வேறு. தொழில் என்பது ஒருவன் அணியும் ஆடை போன்றது, மனிதனே ஆடையாகான். வக்கீலின் கறுப்பங்கியும், சிறைக்கைதியின் உடையும், அரிசிக் கடைக்காரரின் வேட்டியும் மாறி மாறி அணிந்தவர் ஒரே சிதம்பரம் பிள்ளையே. ஏறும்போது செருக்குறாதார் பலர் உளர். இறங்கும்போது நாணாதார் மிகச் சிலரே. அச்சிலருள் அவர் ஒருவர்.

இனி, பிறர் கடமையையும் ஒரு சொல் கூறி முடிப்போம். பிள்ளையவர்கள் வறுமையுற்ற காலத்தில் அவரை வாழ்த்தியோர் பலர் ஒதுங்கிநின்றனர்; அரிசிக் கடையை நாடி வந்து அரிசி வாங்கியோர் போதிய அளவில் இருந்திருப்பின் அக்கடை நிலைத்திருக்குமன்றோ? இன்று அவர் சிலைக்கு மாலையிடுவது எளிது. நம் தெருவில், நம் சுற்றத்தில், வேலையிழந்து நிற்பாரிடம் முகம் திரியாது பேசுவதே அரிது. திருமணப் பந்தலில் ஒருவரைக் கண்டவுடன் எங்கே வேலை, எவ்வளவு சம்பளம் என்று வினவும் வழக்கம் நம்மவரிடையே மிகுந்துள்ளது. வினவுவார்க்கு அது பொழுதுபோக்கு. விடை கூறுவார்க்கு அது முள். இவ்வழக்கத்தை நாம் விடுதல் வேண்டும். சங்கத்தின் மாதக் கூட்டத்தில், இன்ன தொழிலில் இன்ன இடம் உளதென அறிந்தோர் அறியாதார்க்குச் சொல்லும் வழக்கத்தை மேற்கொள்ளல் வேண்டும். சிறு கடை வைத்த நம்மவரிடம் பேரம் பேசாது ஒருநாளேனும் பொருள் வாங்குதல் வேண்டும்.

நாம் முதலிற் குறித்த மாணவர் இப்பொழுது நம் ஊர்க் கடைவீதியில் மளிகைக் கடையொன்றிற் கணக்கெழுதுகின்றார். ஊதியம் முன்னையதிற் காற்பங்கும் இல்லை. மாலையில் தையற் பொறி பழுது பார்க்கும் வேலையும் கற்று வருகின்றார். விழாக்களுக்கு இன்னும் வரத் தொடங்கவில்லை. வரும் தை மாதத்து ஆண்டு விழாவிற்கு வருவதாக நமக்கு வாக்களித்துள்ளார். அன்பர்காள், அவர் வந்தால், வேலையைக் குறித்து யாதும் வினவாமல், பந்தியில் உங்கள் அருகே ஓர் இலை போடச் சொல்லுங்கள். அதுவே நீங்கள் செய்யத்தக்க பேருதவியாகும்.